மலையேறுவார் மயக்க மறுப்பு

திருச்சிற்றம்பலம்

தொண்டைநாட்டுச் சிவத்தலங்களுள் திருவாலங்காடு தனிச்சிறப்பு வாய்ந்தது. ஐந்து சபைகளுள் இரத்தினசபையாக விளங்குவது; இறைவன் காளியொடு ஆடி ஊர்த்துவ தாண்டவம் காட்டியருளிய இடமெனப் போற்றப்பெறுவது. ஆலங்காட்டின் தலைவன் என்னும் பொருள்பட வடாரணியேசுவரர் என்றே அங்குறை பெருமானுக்குத் திருநாமம். இவற்றினும் மேலாக, காரைக்காலம்மையார் தலையால் நடந்து வந்தடைந்து, ஆடும் பெருமான் திருவடிக்கீழ் என்றும் பாடியிருக்கும் பேறு பெற்ற பதி அது. கயிலைமலையைக் காலால் மிதித்தல் தகாதென அஞ்சித் தலையால் ஏறிய அம்மையார்க்கு, இறைவன் ஆடல் காண ஆணையிட்ட இடம் திருவாலங்காடே யாகும். ஆகலின், மலையை அடைவது எவ்வாறு என்னும் வினாவுக்குச் சைவம் கூறும் விடையை அறிய விரும்புவார், முதற்கண் நோக்கற்குரிய ஊரும் அதுவே என்க.

அத்தலத்தின் வடமேற்கே திருத்தணிகை மலையும், வடக்கே ஆந்திர எல்லைக்கு அப்பால் நாகலாபுரத்து மலைகளும், அவற்றுக்கும் அப்பால் திருக்காளத்தி மலையும் உள்ளன. இம்மலைகளுட் சிலவற்றிற்கு இக்காலத்தே புதியதொரு கூட்டத்தார் வருகின்றனர். வார ஓய்வுநாட்களிற் சென்னை முதலிய நகரங்களினின்றும் முதுகிற் பை தாங்கி வந்து, காட்டாறு கடந்து, பாறை தொற்றி, சுனைகளிற் குதித்து, உச்சியிற் படம் எடுத்து மீள்கின்றனர். இச்செயலை 'ட்ரெக்கிங்' என ஆங்கிலப் பெயராலும், மலையேற்றம் எனத் தமிழாலும் வழங்குப. தமிழ்நாட்டு அரசும் 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 24ந் தேதி இதற்கெனத் தனித்திட்டம் ஒன்று தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 வழிகளைத் திறந்தது. திருவாலங்காடு அமைந்த திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டியை அடுத்த குடியம் குகைகளுக்குச் செல்லும் வழியும் அவற்றுள் ஒன்று. பழங்கற்கால மக்கள் உறைந்த அக்குகைகளை இன்று கட்டணம் செலுத்தி, வழிகாட்டியுடன் சென்று காணலாம்.

இஃது இவ்வாறாக, இம்மலையேற்றத்தைக் குறித்துச் சைவருள்ளும் பிறருள்ளும் இருவகைக் கொள்கை உலவுகின்றது.

ஒரு சாரார் கூறுமாறு: மலை எல்லார்க்கும் பொது. காலில் வலியுடையார் ஏறுக. உச்சியை எட்டினார் வென்றார். கோயிலுள்ள மலையாயினும் இல்லாத மலையாயினும் ஏறுவார்க்கு ஒன்றே.

மற்றொரு சாரார் கூறுமாறு: பொழுதுபோக்கிற்கு ஏறுவார் மலையின் தூய்மையைக் கெடுப்பவர், அவரைத் தடுத்தல் வேண்டும். அடியார்க்கோ எத்தடையும் கூடாது. கோயில் மலைக்கு இத்தனை பேரே செல்க, இந்நாளிலே செல்க என வனத்துறை விதித்தல் சமயத்திற் கைவைத்தலாம். ஏறுவாரை ஈசன் காப்பான்.

இவ்விரு கொள்கையும் மயக்கமே. அவற்றை முறையே ஆராய்தும் என்பார்க்கு உண்மை இனிது விளங்கும்.

முதற்கொள்கையுள் உடற்குறுதி என்னும் பகுதியை மறுப்பார் யாருமிலர். உடம்பைப் பேணுதல் இழுக்கன்று எனத் திருமூலதேவரே தெளிவித்தருளினர். காட்டின் காற்றும் அருவியின் தண்மையும் நகரத்து இளைஞர்க்கு நன்மை பயப்பனவே. குற்றம் ஏறுதலில் இல்லை. வென்றேன் என்னும் சொல்லில் உள்ளது. மலையை வென்றார் என்பதற்குப் பொருள் யாது? மலை யாரோடும் பொரவில்லை, தோற்கவும் இல்லை. அவர் இறங்கிய பின்னும் அது நின்றவாறே நிற்கின்றது. எனவே அவ்வெற்றி மலைமேற் கொண்ட வெற்றியன்று. ஏறியவனுடைய யான் என்னும் முனைப்பு அவனை வென்ற வெற்றியே என்க.

சித்தாந்தம் கூறுவது ஈண்டு நினையத்தகும். உயிரைப் பற்றிய ஆணவமலம் நீங்குதற்பொருட்டே இறைவன் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் மாயையினின்றும் ஆக்கித் தருகின்றான். மலையும் காடும் ஆறும் புவனத்துள் அடங்குவன. ஆகவே அவை யான் என்னும் செருக்கு மெலிதற்குக் கொடுக்கப்பட்டன. அவற்றையே செருக்கை வளர்க்கும் கருவியாகக் கொள்வது, மருத்துவன் தந்த மருந்தை நஞ்சாக்கி உண்பதனோடு ஒக்கும்.

இதற்குத் திருமுறைச் சான்று யாதெனின், திருஞானசம்பந்தப் பெருமானார் பதிகந்தோறும் அமைத்த முறையே சான்றாம். பெரும்பான்மையான பதிகங்களில் எட்டாந் திருப்பாட்டில் இராவணனையும், ஒன்பதாந் திருப்பாட்டில் மால் அயன் இருவரையும் வைத்தனர். இவ்விரு வரலாறும் மலையின்முன் நிகழ்ந்த செருக்கின் வரலாறு ஆதலைக் காண்க. இராவணன் தன் தேர் செல்லும் வழியிற் கயிலை தடையாயிற்று எனச் சினந்து அதனைப் பெயர்க்கப் புகுந்தான். திருவிரல் ஒன்றன் ஊன்றலால் நெரிந்து, பின் பாடி உய்ந்தான். மால் அயன் இருவரும் அடியும் முடியும் தேடி, யார் முன்னர் எல்லை காண்பார் எனப் போட்டியிட்டனர். அண்ணாமலையாய் நின்ற அழலின் எல்லையை ஒருவரும் கண்டிலர். தோள்வலியால் மலையை அளக்கப் புகுந்தவன் ஒருவன். விரைவால் அளக்கப் புகுந்தவர் இருவர். இக்காலத்து மலையேறுவார் பெருமையாகப் பேசுவனவும் இவ்விரண்டே: எத்துணை வலியால் ஏறினேன், எத்துணை விரைவில் ஏறினேன் என்பன. பிள்ளையார் பதிகந்தோறும் இவற்றை மீண்டும் மீண்டும் நினைப்பித்தது, இந்நோய் உயிர்களை விட்டு எளிதில் நீங்காது என்பது கருதியே போலும்.

அற்றேல், கண்ணப்பர் வேட்டையாட வந்தவர் அன்றோ, அவரும் காட்டில் விளையாடித் திரிந்தவர் அன்றோ, அவரைப் பெருமான் ஏற்றருளிய போது இவ்விளைஞரை இகழ்தல் என்னை எனின், அஃது நல்ல வினாவே. திண்ணனார் பன்றியைத் துரத்தி வந்தவர் என்பது மெய். ஆயினும் நாணன் காளத்திமலையைக் காட்டி, அங்கே குடுமித்தேவர் உளர் எனச் சொல்லிய பின், அவர் மலையேறிய முறையை நோக்குக. ஏறுந்தோறும் தம்மேல் இருந்த பெருஞ்சுமை குறைவதாக உணர்ந்தார், விருப்பம் பெருகியது, வேட்டையையும் பசியையும் மறந்தார். வேட்டைக்கு வந்தவர் இறைவனைக் கண்டு வேட்டையை மறந்தார் என்பதே அவர் வரலாற்றின் உயிர்நிலை. இக்காலத்தார் பலர் இறைவனைக் காண்பதாகச் சென்று, உச்சியை அடைந்ததும் படவேட்டையைத் தொடங்குகின்றனர். இவர் கண்ணப்பரை மேற்கோள் காட்டுதல் பொருந்தாது.

இனி, மலையின் உச்சியை மிதியாது விடுதல் பழமைவாதிகளின் கொள்கையெனச் சிலர் நகைப்பர். அவர் உலகவரலாறு அறியாதார். இமயத்துக் கஞ்சன்சங்கா உலகில் மூன்றாவது உயர்ந்த சிகரம். 1955ஆம் ஆண்டு மே மாதம் 25ந் தேதி ஆங்கிலேயர் குழுவினருள் ஜார்ஜ் பேண்டு, ஜோ பிரவுன் என்னும் இருவர் முதன்முதல் அதனை எட்டினர். எட்டியும் உச்சிமேல் அடிவைத்திலர். சிக்கிம் அரசர்க்குக் கொடுத்த சொல்லை மதித்துச் சில அடி கீழே நின்று மீண்டனர். பூட்டான் அரசு 1994ஆம் ஆண்டு 6000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களையும், 2003ஆம் ஆண்டு எல்லா மலையேற்ற முயற்சிகளையும் தடுத்தது. தெய்வம் உறையும் இடம் என மக்கள் கொண்ட கொள்கையே அதற்கு ஏது. ஆஸ்திரேலிய நாட்டு உலூரு என்னும் பெரும்பாறையும், அந்நிலத்துப் பழங்குடியினர் நெடுங்காலம் வேண்டியவாறே, 2019ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 26ந் தேதி முதல் ஏறுவார்க்கு அடைக்கப்பட்டது. கயிலையோ இன்றளவும் வலம்வரப் படுகின்றதேயன்றி ஏறப்படுவதன்று. வேற்றுச் சமயத்தார் இருவர் வெற்றியின் விளிம்பில் நின்று பிறருடைய பக்திக்காக அடியை நிறுத்தினர். அம்மையார் மரபில் வந்தோம் என்பார்க்கு அவ்வடக்கம் அரிதாதல் நாணுதற்குரியது அன்றோ?

செருக்கும் அறியாமையும் கூடினால் விளையும் துன்பம் எத்தகையது என்பதைத் தேனி மாவட்டத்துக் குரங்கணி காட்டிற்று. 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11ந் தேதி, போடிநாயக்கனூரை அடுத்த அம்மலையில், கொழுக்குமலைப் பக்கத்தினின்றும் இறங்கிக்கொண்டிருந்தவரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. பெரும்பாலார் நகரத்து இளையோர், பெண்டிர் பலர். உலர்ந்த போதைப்புல் சரிவில் தீ மேனோக்கி விரையும் என்பதும், அப்பருவம் காட்டுக்குத் தீப்பருவம் என்பதும் அம்மலையிற் பிறந்த சிறுவரும் அறிவர். வந்தார்க்கு அவ்வறிவு போதிய அளவில் இல்லை. 23 உயிர்கள் மாய்ந்தன. மாய்ந்தாரை இகழ்தல் கொடுமை. அவர் குற்றவாளிகள் அல்லர். மலையைக் கேளிக்கைக் களம் என அவர்க்குக் கற்பித்த காலத்தின் பலியாயினார். அத்துயரின் பின்னரே அவ்வாண்டு அரசு மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்தது. 2024ஆம் ஆண்டுத் திட்டத்தில் மலைவாழ் மக்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றி அமர்த்தியதும், தீப்பருவத்தில் வழிகளை அடைத்ததும் பாராட்டத்தக்கன. மலையை அறிந்தவன் முன்னே நடப்பதும், அறியாதவன் பின்னே நடப்பதும் குருவருள் முறைக்கு ஒத்தனவே.

இனி இரண்டாம் கொள்கையை நோக்குவாம் என்பார், கோயம்புத்தூர் மாவட்டத்து வெள்ளியங்கிரிக்குச் செல்லல் வேண்டும். தென்கயிலை என அன்பரால் வழங்கப்பெறும் அம்மலை ஏழு மலைகளின் தொடர். உச்சி ஏறத்தாழ 6000 அடி உயரத்தது. அங்கே பாறைகளின் இடையே சுயம்புலிங்கப் பெருமான் எழுந்தருளியுள்ளார். சுற்றிலும் யானை வழங்கும் அடர்காடு. பிப்ரவரி முதல் மே வரையுள்ள மாதங்களில் அடியார் ஏற இசைவு அளிக்கப்படுகின்றது. இந்நாளில் பக்தர் பல்லாயிரவர் இரவும் பகலும் ஏறுகின்றனர்.

ஈண்டு ஒன்று கூர்ந்து நோக்கற்பாலது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி நடுவினின்றும் ஏப்ரல் நடுவரை, தீக்கு அஞ்சி மலையேற்ற வழிகளை வனத்துறை அடைத்தது. அதே மாதங்களில்தான் வெள்ளியங்கிரி வழி திறந்திருந்தது. கேளிக்கைக்குச் செல்லும் சிறுகூட்டத்துக்கு அடைக்கப்பட்ட காடு, பக்திக்குச் செல்லும் பெருங்கூட்டத்துக்குத் திறக்கப்பட்டது. சமயத்துக்கு அரசு காட்டிய மதிப்பு இது. அம்மதிப்புக்குத் தக அடியார் ஒழுகினரா என்பதே வினா. தீ, இவர் கையிற் கற்பூரம் என்றும் அவர் கையில் அடுப்பு என்றும் வேறுபாடு அறியாது. காய்ந்த புல்லின் நடுவே ஏற்றிய கற்பூரம் ஒன்று காற்றில் உருண்டால், குரங்கணியிற் கண்டது வெள்ளியங்கிரியிலும் காணப்படும்.

பிளாஸ்டிக் புட்டியும் தின்பண்ட உறையும் வழியெங்கும் எறிந்தவர் யாவர்? கேளிக்கைக்கு ஏறியவர் மட்டும் அல்லர். நீறணிந்து, கைக்கோல் ஊன்றி, சிவநாமம் முழக்கி ஏறியவரும் ஆவர். அடிவாரத்தில் வனத்துறையினர் பைகளைச் சோதித்துப் பிளாஸ்டிக்கைத் தடுக்கும்போது, எங்கள் கோயிலுக்குச் செல்ல இவர் யார் எனச் சினப்பாரும் உளர். கோயிலினுள் எச்சில் இலையை எறிவானைத் தடுப்பான் கோயிற்பகைவன் ஆவனோ? திருவலகும் திருமெழுக்கும் சைவர் சரியைத் தொண்டுகள். அப்பரடிகள் கையில் உழவாரம் ஏந்தியது, கோயில் வழியிற் புல்லும் முள்ளும் நீக்குதற்கே. அவர்வழி நின்றார் என்பவர் செல்லும் வழியில் குப்பை மிகுமாயின், அவர் தொழுதது எதனை?

அன்றியும், 2024ஆம் ஆண்டு அப்பருவத்தில் மூச்சுத்திணறலாலும் இதயநோயாலும் அடியார் பலர் மலைவழியிலேயே உயிர் துறந்தனர். சதுரகிரியில் 2015ஆம் ஆண்டு மே மாதம் காட்டாற்றின் திடீர்ப்பெருக்கிலும் அடியார் சிலர் மாய்ந்தனர். இவ்விறப்புகளைச் சிவலோகப் பேறு எனப் புகழ்ந்து, பின்வருவாரையும் அவ்வழிச் செலுத்துவார் உளர். மேலும், அப்பரடிகள் கயிலையாத்திரையில் கால் தேயக் கையால் ஊர்ந்தும், மார்பால் உந்தியும், உடல் சிதைய உருண்டும் சென்றிலரோ, உடம்பைப் பொருட்படுத்தினரோ எனவும் வினவுவர்.

அவ்வரலாற்றைப் பாதியோடு நிறுத்துதல் கூடாது. அவ்வாறு சென்ற பெருந்தகையை இறைவன் கயிலைக்கு ஏற்றினானா? இல்லை. முனிவர் வடிவில் எதிர்வந்து மீளுமாறு கூறினான். அவர் மீளேன் எனத் துணிந்த வழி, ஊனம் நீங்கிய உடம்பை அளித்து, பொய்கையில் மூழ்குவித்து, திருவையாற்றில் எழச்செய்து, ஆண்டே கயிலைக்காட்சி காட்டியருளினான். இதனாற் பெறப்படுவது யாது? மெய்யன்பர்க்குக் கயிலை உச்சியில் மட்டும் இல்லை. மலையில் உடல் சிதைவதை இறைவன் விரும்பினானும் அல்லன். அப்பரடிகளது அன்பைப் பெறாதார், அவர் அடைந்த உடல்வருத்தத்தை மட்டும் மேற்கொண்டு உயிர்துறத்தல் அவர்வழி நிற்றல் ஆகாது. அன்றியும், வழியில் வீழ்ந்தானைத் தோளிற் சுமந்து இருளில் இறக்குவோர் ஏழை மலைவாழ் மக்கள். ஒருவன் துணிவு அவர் உயிருக்கும் இடராகும்.

ஆளுடைய பிள்ளையார் திருவாலங்காட்டை அணுகியபோது நிகழ்ந்தது இதனை முற்ற விளக்கும். அம்மையார் தலையால் நடந்த மண்ணைக் காலால் மிதிக்க அஞ்சி, அவர் ஊருட் புகாது அணித்தே தங்கினார். அன்றிரவு இறைவன் கனவிற் றோன்றி வினவியது, ஏன் நடந்து வந்திலை என்பதன்று. பாட மறந்தனையோ என்பதே. விழித்தெழுந்து பிள்ளையார் பழையனூர்த் திருவாலங்காட்டைப் பாடினர். பின்னர்த் திருக்காளத்தியை அடைந்தவர், வடநாட்டுக் கயிலை, கேதாரம் முதலியவற்றை ஆண்டிருந்தவாறே பாடிப் பணிந்தனர். நம்பியாரூரரும் அவ்வாறே திருக்காளத்தியினின்றும் வடதிசைத் தலங்களைப் பாடினர். சமயகுரவர் இருவர் செல்லாது பாடிய பதிகங்கள், சென்று பாடிய பதிகங்களினும் குறைந்தன எனக் கூறுவார் சைவருள் உளரோ? ஆகவே இதயநோயுடையாரும் மூத்தோரும் வெள்ளியங்கிரி அடிவாரத்தில் நின்று ஏழுமலையையும் நோக்கித் திருமுறை ஓதி மீள்வராயின், உச்சி கண்டார் பெறும் பயனில் அணுவும் குறையாது. இதனை அவர்க்கு எடுத்துரையாமல், ஏறாதவர் பக்தியிற் குறைந்தவர் என்பார் கொலைக்கு உடன்பட்டவர் ஆவர். சொல் கடிதெனினும் உண்மை அதுவே.

ஆதலின் சைவ நன்மக்கள் கடமைப்பட்டன சில உள. கேளிக்கைக்கு ஏறுவாரைப் பழிப்பதன்முன் தம் வழியைத் தூய்மை செய்தல் வேண்டும். தீப்பருவத்திற் கோயில் மலைகளிற் கற்பூரமும் நெருப்பும் காட்டின் நடுவே கூடா என ஆதீனங்களும் சைவ சபைகளும் அறிவித்தல் வேண்டும். கூட்டத்தை அளவுபடுத்தும் விதியைச் சமயப்பகை எனத் தூற்றாது, நீராடித் தூய்மையொடு புகுக என்னும் விதிபோல் ஏற்றல் வேண்டும். ஆண்டுதோறும் பருவம் முடிந்தபின் சைவ இளைஞர் மலைக்குச் சென்று, கிடக்கும் குப்பைகளைக் கீழே கொணர்தல் உழவாரத்தொண்டாகக் கொள்ளத்தகும். மலையேற விழையும் நகரத்து இளைஞர்க்கும் கதவை அடைத்தல் வேண்டா. வழிகாட்டியுடன், பருவம் அறிந்து, சிறுகூட்டமாய், வாய் அடங்கி வருவாராயின், அவரும் திண்ணனாரைப் போல ஏதோ ஒருநாள் தம் சுமை குறைவதை உணர்தல் கூடும். அவ்வாய்ப்பை அவர்க்கு மறுத்தற்கு எவர்க்கும் உரிமை இல்லை.

மலையேறுவார் பலர்க்கு உச்சியில் தம் உருவைப் பிறர் காணவேண்டும் என்பதே வேட்கை. அம்மையாரோ கண்டார் விரும்பும் வடிவைக் களைந்து, கண்டார் அஞ்சி ஓடும் பேய்வடிவை வேண்டிப் பெற்றார். இவர்கள் மலையின் தலைமேல் தம் காலை வைக்கின்றனர். அவர் மலைமேல் தம் தலையை வைத்தார். உமையம்மையார் வியந்து வினவ, இறைவன் தன் அம்மை என அவரை உரைத்தருளியது அவ்வடிவோடு சென்றபோதே. கயிலைக்கண் நின்ற அவர் வேண்டிய வரமும் உச்சியில் நிற்றல் அன்று. இறைவன் ஆடும்போது பாடிக்கொண்டு அடியின்கீழ் இருத்தலே. அவ்வரத்தை நல்கிய இடத்தைக் காண விழைவார்க்குத் திருவாலங்காடு அணித்தே உளது; ஆண்டு ஏறுதற்கு மலையும் இல்லை.

திருச்சிற்றம்பலம்